சர்க்கரைப் பேரரசு

உடல் பெருத்தவனைக் கண்டால் ஊர் சிரிக்கிறது. நாடக மேடையிலே அவன் நகைச்சுவைக்கென்றே படைக்கப்பட்டவன். பள்ளிக்கூடத்திலே பெற்றோர் இட்ட பெயர் மறைந்து, பிள்ளைகள் இட்ட பட்டப்பெயரே அவனுக்கு நிலைத்துவிடுகிறது. பெண்ணாக இருந்துவிட்டாலோ கேலியோடு கண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் பார்வையாலேயே எடை போட்டுவிட்டுப் போகிறார்கள். "தின்று தின்று கொழுத்தான்" என்பது ஊராரின் தீர்ப்பு. சாட்சியை விசாரிக்காமல், வழக்கைக் கேட்காமல் வழங்கப்படும் தீர்ப்பு!

இரக்கமுள்ளோர் சிலர் இருக்கின்றனர். அவர்கள் கேலி செய்வதில்லை, பெருமூச்சு விடுகின்றனர். "உடல்வாகு அப்படி, தலையெழுத்து அப்படி" என்கின்றனர். ஒருவர் வசை பாடுகிறார், மற்றவர் விதியைப் பாடுகிறார். பாட்டு வேறு, பயன் ஒன்றே. இரண்டும் 'ஏன்' என்ற கேள்வியின் குரல்வளையை நெரித்துவிடுகின்றன. நாமோ, ஏன் என்று கேட்பதற்காகவே இயக்கம் கண்டவர்கள். ஆகவே கேட்போம்.

2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகில் உடற்பருமன் உற்றோர் நூறு கோடிக்கும் மேற்பட்டோர். நம் தாத்தாக்களின் காலத்தில் இந்தத் தொகை இல்லை. நூறு கோடிப் பேரும் இரண்டு மூன்று தலைமுறைக்குள் பெருந்தீனிக்காரர்களாகிவிட்டனரா? அல்லது, பிரமன் புதிய எழுத்தாணி வாங்கி, எல்லோர் தலையிலும் ஒரே எழுத்தை எழுதித் தள்ளினானா? மக்களின் மனம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. பரம்பரைக் கூறுகள் அதைவிட மெதுவாகவே மாறும். மாறியது மக்களைச் சூழ்ந்துள்ள உணவு. அதை மாற்றியது மனிதக் கை. யாருடைய கை என்று காட்டுவதே வரலாற்றின் வேலை.

நம் வீட்டு நிலையையும் மறைக்க வேண்டாம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் எடை மிகுந்தோர் என்றது. அதே ஆய்வு, அதே பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை என்றது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 பேருக்கு வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை என்றது. பெருத்த உடலும் வற்றிய இரத்தமும் ஒரே வீட்டில், சில வேளை ஒரே உடலில்! வயிறு நிறைகிறது; உடலோ பட்டினி கிடக்கிறது. செல்வச் செழிப்பின் அடையாளம் என்று தொந்தியைக் காட்டிய காலம் போய்விட்டது.

இதற்குக் காரணங்கள் பல. தவிடு நீக்கித் தீட்டிய அரிசி, மலிவான எண்ணெய், உட்கார்ந்தே முடியும் வேலை, உறக்கம் குறைந்த இரவு, நடக்க இடமில்லா நகரம் எனப் பட்டியல் நீளும். அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: சர்க்கரை. அது மட்டுமே குற்றவாளி என்பதற்காக அல்ல. அதன் வரலாறு பக்கத்துக்குப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. அதில் விதிக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை.

கரும்பு முதன்முதலில் பயிரானது நியூகினித் தீவில். அங்கிருந்து ஆசியாவுக்கு வந்தது. அதியமானின் முன்னோர் அதைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தனர் என்று ஔவை பாடிய செய்தி புறநானூற்றிலே இருக்கிறது. சாற்றைக் காய்ச்சிப் படிகமாக்கும் கலை இந்தியாவில் வளர்ந்தது. 'சர்க்கரா' என்ற வடசொல்லே அராபியர் வாயில் 'சுக்கர்' ஆகி, ஆங்கிலேயர் வாயில் 'சுகர்' ஆயிற்று. அராபியர் மத்தியதரைக் கடற்கரையெங்கும் கரும்பு நட்டனர். ஆயினும் பல நூற்றாண்டுகள், ஐரோப்பாவில் சர்க்கரை என்பது மருந்துக் கடையில் சிறு நிறைகளால் நிறுத்து விற்கப்பட்ட பண்டம்; மன்னர் விருந்தில் மட்டும் காட்சிக்கு வந்த அணிகலன். ஏழை அதன் சுவையை அறியான். அறியாததால் அவனுக்கு நோயும் இல்லை.

1493இல் கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்தில் கரும்புக் கணுக்களை எடுத்துச் சென்றான். மேற்கிந்தியத் தீவுகளில் அவை வேர் விட்டன. நிலம் இருந்தது, மழை இருந்தது, வாங்குவோர் இருந்தனர்; வெட்டக் கை வேண்டுமே! ஆப்பிரிக்காவின் மேல் பாய்ந்தனர். ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளில் ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர் அட்லாண்டிக் கடலில் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் 18 லட்சத்துக்கு அருகானோர் கரை சேரவில்லை, கடலே கல்லறையாயிற்று. சேர்ந்தவருள் பெரும்பகுதியினர் சென்ற இடம் கரும்புத் தோட்டம். அங்கே இரவும் பகலும் ஆலை சுழலும். கண் அயர்ந்த அடிமையின் கை உருளைகளுக்கிடையே சிக்கினால் வெட்டி எடுக்க, பக்கத்திலேயே ஒரு கோடரி வைத்திருந்தனர். ஆளைக் காப்பாற்ற அல்ல, ஆலை நிற்காமலிருக்க!

இந்தக் கொடுமைக்கும் சாத்திரம் காட்டினர். நோவாவின் சாபத்துக்கு ஆளான வழியில் வந்தவர்கள் கறுப்பர்கள். ஆகவே அடிமைத்தனம் ஆண்டவன் கட்டளை என்று போதித்தனர். தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று கதை கேட்டு வளர்ந்த நாட்டார்க்கு அந்தப் போதனையின் நாற்றம் புதிதன்று. சுரண்டல் எங்கெல்லாம் நடக்கிறதோ, அங்கெல்லாம் அதற்கொரு புராணம் காவல் நிற்கிறது.

ஆயினும் எதிர்ப்பும் எழுந்தது. 1791இல், பிரெஞ்சுக்காரரின் செல்வச் சுரங்கமாக விளங்கிய செயின்ட் டொமிங்குத் தீவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். ஐரோப்பாவுக்குச் சென்ற சர்க்கரையில் ஐந்தில் இரண்டு பங்கை அந்த ஒரு தீவே விளைவித்துக் கொண்டிருந்தது. தலைவன் டூசான் லூவெர்த்தூர் பிடிபட்டு, பிரான்சின் குளிர்மலைச் சிறையிலே 1803இல் மாண்டான். அவன் மூட்டிய தீ மாளவில்லை. 1804இல் ஹெயிட்டி என்னும் விடுதலை நாடு பிறந்தது. பிரான்சு சும்மா இருந்ததா? 1825இல் போர்க்கப்பல்களை நிறுத்திவைத்துக்கொண்டு, இழந்த உடைமைக்கு ஈடாகப் பதினைந்து கோடி பிராங்கு கேட்டது. அடிமையாக இருந்தவன், அடிமையாக இல்லாமற்போனதற்குத் தண்டம் கட்டினான்!

அதே 1791இல் இங்கிலாந்தில் வில்லியம் பாக்ஸ் என்பவர் ஒரு துண்டறிக்கை வெளியிட்டார். சர்க்கரை உண்பவன் அடிமை வணிகத்தின் பங்காளி என்றார். இலட்சக்கணக்கானோர் சர்க்கரையை விலக்கினர். அந்த மறுப்பை வீட்டுக்குள்ளே நடத்திக் காட்டியவர்கள் பெண்கள். அன்று அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது, அடுப்படி இருந்தது. அந்த அடுப்படியையே ஆயுதமாக்கினர்.

1833இல் பிரிட்டன் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. இரண்டு கோடி பவுன் இழப்பீடும் வழங்கியது. யாருக்கு? முதுகில் சவுக்கடித் தழும்பு உள்ளவனுக்கா? சவுக்கு வைத்திருந்தவனுக்கு! அதன் பொருட்டு வாங்கிய கடனின் மிச்சம் 2015இல்தான் தீர்ந்தது என்றால், அந்தத் தொகையின் பெருமையை எண்ணிப் பாருங்கள்.

அடிமை போனான், கரும்பு நின்றது. வெட்டும் கைக்கு முதலாளிகள் கிழக்கே திரும்பினர். 1834 முதல் மொரிசியசுக்கு இந்தியக் கூலிகள் சென்றனர். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல், தமிழரையும் தெலுங்கரையும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையில் இறக்கியது. 1903 முதல் சென்னைக் கப்பல்கள் பிஜிக்கும் சென்றன. அங்கே கரும்புத் தோட்டத்தில் நைந்த பெண்களுக்காகவே பாரதியார் கண்ணீர்ப் பாட்டு எழுதினார். இந்த முறையின் பெயர் ஒப்பந்தம். கைநாட்டு வைத்தவனுக்கு அதில் எழுதியிருந்தது என்னவென்று தெரியாது. பஞ்சமும் பண்ணையாரும் சாதியும் சேர்ந்து துரத்திய மக்கள், சர்க்கரைப் பேரரசின் புதிய குடிகளாயினர்.

இத்தனை உயிர் கொடுத்து விளைந்த சர்க்கரையை யார் தின்றார்கள்? இங்கேதான் நம் வழக்கின் முக்கியமான சாட்சி வருகிறது. இங்கிலாந்தில் ஓர் ஆளுக்கு ஓராண்டுச் சர்க்கரை 1700இல் ஏறத்தாழ 4 இராத்தல்; 1800இல் 18 இராத்தல்; 1900ஐ ஒட்டி 90 இராத்தல் அளவு. இரண்டு கிலோவுக்கும் குறைவாக இருந்தது நாற்பது கிலோவாயிற்று. பிரபுக்கள் மட்டும் தின்று இந்தக் கணக்கு ஏறவில்லை. ஆலைச் சங்கு ஊதுமுன் எழுந்து, சமைக்க நேரமின்றி, விறகு வாங்கக் காசின்றி ஓடிய தொழிலாளி, சர்க்கரையிட்ட தேநீரையும், பழப்பாகு தடவிய ரொட்டியையும் காலை உணவாக்கினான். 1874இல் சர்க்கரை வரி அடியோடு நீக்கப்பட்டது. அது மேலும் மலிந்தது. இந்த வரலாற்றை ஆராய்ந்து 1985இல் நூல் எழுதிய சிட்னி மின்ட்ஸ் என்ற மானிடவியல் அறிஞர், தோட்டத்து அடிமையையும் ஆலைத் தொழிலாளியையும் ஒரே சங்கிலியின் இரு முனைகளாகக் காட்டினார். மலிவான மாவுச்சத்தும் மலிவான இனிப்பும், மலிவான கூலிக்குத் துணை நின்றன. நாக்கின் பேராசை என்று நாம் ஏசுவது, பெரும்பாலும் கூலிப் பட்டியலின் மறுபக்கம்.

செல்வர் வீட்டில் என்ன நடந்தது? இலண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர் இருந்தார். பெரிய மனிதர்களுக்குச் சவப்பெட்டி செய்து கொடுக்கும் குடும்பம்; தாமே சவப்பெட்டியை நோக்கி விரைவதை உணர்ந்தார். குனிந்து காலணி கட்ட இயலவில்லை. படியில் இறங்கும்போது பின்பக்கமாகவே இறங்கினார். படகு வலித்தார், நீராவிக் குளியல் எடுத்தார், மருத்துவர் பலரை நாடினார், பயனில்லை. இறுதியில் ஹார்வி என்ற மருத்துவர், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு முதலியவற்றைக் குறைக்கச் சொன்னார். ஏறத்தாழ ஓராண்டில் 46 இராத்தல் குறைந்தார். 1863இல் அந்த அனுபவத்தைத் துண்டு நூலாகத் தம் செலவிலேயே அச்சிட்டார். அவர் பெயரே உணவுக் கட்டுப்பாட்டைக் குறிக்கும் சொல்லாயிற்று. அன்று பருமன் பான்டிங் போன்றோரின் கவலை. நூறாண்டுக்குள் அது மாளிகையை விட்டு இறங்கிக் குடிசைக்குள் நுழைந்துவிட்டது. இன்று செல்வ நாடுகளில் ஏழைகளே மிகுதியாக அதற்கு ஆளாகின்றனர். மலிவாகக் கிடைப்பது எதுவோ அதுவே ஏழையின் உடலை வடிக்கிறது.

கரும்பு வெட்டச் சென்ற நம்மவர் கதை என்னவாயிற்று? டர்பனில் மருத்துவராக இருந்த ஜார்ஜ் கேம்ப்பெல், அங்கு வாழ்ந்த இந்திய வம்சத்தாரிடையே நீரிழிவு மிகுந்திருப்பதைக் கண்டார். கடற்படை மருத்துவர் கிளீவுடன் சேர்ந்து 1966இல் நூல் வெளியிட்டு, தீட்டிய மாவும் சர்க்கரையுமே காரணம் என்று வாதிட்டார். காரணங்கள் இன்னும் விரிந்தவை என்பதை இன்றைய ஆராய்ச்சி காட்டுகிறது. எனினும் அவர்கள் எழுப்பிய எச்சரிக்கை மணி பொய்யாகவில்லை. மொரிசியசில் 2021இல் நடந்த ஆய்வு, வயது வந்தோரில் ஐவருக்கு ஒருவர் நீரிழிவு உற்றவர் என்றது. பாட்டன் கரும்பு வெட்டிச் சாய்ந்தான். பேரன் சர்க்கரை நோயில் சாய்கிறான்!

இவ்வளவு வெளிப்படையான உண்மை ஏன் ஊருக்குத் தெரியாமல் இருந்தது? 1960களில் அமெரிக்காவில் மாரடைப்பு பெருகியது. காரணம் கொழுப்பா, சர்க்கரையா என்ற விவாதம் நடந்தது. 1965இல் சர்க்கரை முதலாளிகளின் ஆராய்ச்சி மன்றம், ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர்களுக்கு 6,500 டாலர் அளித்தது. 1967இல் புகழ்பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ ஏட்டில் அவர்கள் கட்டுரை வந்தது: கொழுப்பே குற்றவாளி, சர்க்கரை மீது சாட்டப்படும் குற்றத்துக்குப் போதிய சான்றில்லை என்ற பாங்கில்! பணம் கொடுத்தவர் பெயர் அதில் இல்லை. 2016இல்தான் கலிபோர்னிய ஆய்வாளர்கள் பழைய கடிதங்களைத் தோண்டி உண்மையை வெளியிட்டனர். இடையிலே, 1972இல், சர்க்கரையின் கேட்டை விளக்கி நூல் எழுதிய இலண்டன் பேராசிரியர் ஜான் யுட்கின் ஏளனத்துக்கு ஆளானார்.

கெட்ட கொழுப்பு நிரபராதி என்று இதற்குப் பொருளல்ல. ஒரு குற்றவாளியைக் கூண்டில் ஏற்றிவிட்டு, மற்றொருவனைக் கொல்லைப்புறமாக அனுப்பிவிட்டனர் என்பதே பொருள். பூணூல் அணிந்தவன் சொன்னாலும், பட்டாடை அணிந்த பேராசிரியர் சொன்னாலும், "காசு யார் கொடுத்தது?" என்று கேட்பது பகுத்தறிவின் முதற்பாடம். அறிவியலின் பெருமையும் இங்கேதான் இருக்கிறது. புராணப் புளுகை அம்பலப்படுத்தப் புராணத்தில் வழியில்லை; அறிவியலில் நுழைந்த பொய்யை அறிவியலே தோண்டி எடுத்தது.

சர்க்கரை உடலில் செய்யும் வேலையைச் சற்றே அறிந்துகொள்வோம். வெள்ளைச் சர்க்கரை குடலிலே குளுக்கோஸ், பிரக்டோஸ் என இரண்டாகப் பிரிகிறது. பிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலைச் சேர்கிறது. அளவு மிஞ்சினால் அங்கே கொழுப்பாக மாறித் தங்குகிறது. பானமாகக் குடிக்கும் இனிப்பு, மென்று தின்னும் உணவைப் போல் பசியை அடக்குவதில்லை. குடித்த பின்னும் வழக்கம்போல் உண்கிறோம். மிச்சம் இடுப்பிலே ஏறுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த நெறி, சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு உண்ணும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், அதிலும் பாதியாகக் குறைந்தால் மேலும் நன்று என்பது. அந்தப் பாதி என்பது வளர்ந்தவருக்கு 25 கிராம், ஆறு தேக்கரண்டி. குளிர்பானப் புட்டி ஒன்றே அதைத் தாண்டிவிடும்.

"வெள்ளைச் சர்க்கரைதானே விஷம்? எங்கள் பாட்டி தந்த நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் அமுதமாயிற்றே!" என்று சிலர் புதுப் புராணம் படிக்கின்றனர். தமிழ்ப் பெயர் சூட்டிவிட்டால் குளுக்கோஸ் தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை. தாதுச் சத்து சிறிதளவு கூடலாம். மற்றபடி அவையும் சர்க்கரையே. பழமை என்பதற்காக எதையும் ஏற்காத நாம், பாட்டி என்பதற்காக மட்டும் ஏற்றுவிடலாகாது.

மனிதன் செய்ததை மனிதனால் மாற்ற முடியும். அதே மொரிசியசு, 1987இல் பங்கீட்டு எண்ணெயில் பாமாயிலை மாற்றிச் சோயா எண்ணெயைக் கொணர்ந்தது. மக்களின் இரத்தக் கொழுப்பு சில ஆண்டுகளில் குறைந்தது. 2013இல் இனிப்புப் பானத்தில் உள்ள சர்க்கரையைக் கிராம் கணக்கிட்டு வரி விதித்தது. 2014இல் மெக்சிகோ லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. 2016இல் சிலி நாடு, சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பொட்டலங்களின் முகத்தில் எட்டுமூலைக் கறுப்பு முத்திரை குத்தியது. எழுத்து படியாத சிறுவனும் கண்டுகொள்ளும் முத்திரை! 2018இல் பிரிட்டன் 100 மில்லி லிட்டருக்கு 5 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை உள்ள பானங்களுக்கு வரி விதித்தது; வரி வருமுன்பே முதலாளிகள் பலர் சர்க்கரையைக் குறைத்துவிட்டனர். "மக்கள் விரும்புகிறார்கள், நாங்கள் விற்கிறோம்" என்ற பசப்பு அன்றோடு உடைந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாதை புதிதா? பசியும் ஒருகாலத்தில் தலைவிதி என்றே சொல்லப்பட்டது. 1920இல், நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் தலைமையேற்ற சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தந்தது. 1956இல் காமராசர் அதை நாடெங்கும் பரப்பினார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 1989இல் கலைஞர் ஆட்சி முட்டையைச் சேர்த்தது. 2022இல் காலை உணவும் வந்தது. விதியென்று விட்டிருந்தால் இவற்றுள் ஒன்றும் வந்திராது. பட்டினியைப் பொது நோயாகக் கருதி மருந்து கண்ட நாடு, பருமனை மட்டும் தனியாள் குற்றமென்று தள்ளிவிடுவது எந்த நியாயம்?

செய்ய வேண்டியவை மலையைப் பெயர்க்கும் வேலைகள் அல்ல. பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த தின்பண்டம் விற்கலாகாது என்று 2020இல் வகுக்கப்பட்ட விதி இருக்கிறது. ஏட்டில் உள்ளதா, தெருவில் உள்ளதா என்று ஊருக்கு ஊர் இளைஞர்கள் சென்று பார்க்க வேண்டும். பொட்டலத்தின் முகத்தில் எச்சரிக்கை முத்திரை கேட்க வேண்டும். பங்கீட்டுக் கடையில் அரிசியோடு பயறும் கேழ்வரகும் தாராளமாகக் கிடைக்கக் குரல் கொடுக்க வேண்டும். சுண்டலும் கீரையும் முட்டையும் மீனும் ஏழைக்கு எட்டும் விலையில் இல்லையென்றால் உணவுப் போதனை வெறும் உபதேசமாகிவிடும். பெண்கள் அச்சமின்றி நடக்கவும் ஓடவும் விளையாடவும் திடல் வேண்டும். "பெண் எதற்கு ஓடுகிறாள்?" என்று கேட்கும் வாய் மூடப்பட வேண்டும்.

நம் பங்கும் உண்டு. நம் கூட்டங்களிலும் திருமணங்களிலும் புட்டி உடைக்கும் உபசரிப்புக்குப் பதில் மோரும் பழமும் தரலாம். பிறந்தநாள், தேர்ச்சி, வெற்றி எல்லாவற்றுக்கும் இனிப்பே அடையாளம் என்ற சடங்கை உடைக்கலாம். பல சடங்குகளை உடைத்தவர்களுக்கு இது பெரிதா? ஆணின் இடுப்பளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளச் சொல்லலாம். அதைச் சொல்லும்போது நகையாமல் சொல்ல வேண்டும். பருத்தவனைப் பார்த்துச் சிரிப்பவன், சர்க்கரை முதலாளிக்குக் கூலியின்றி உழைக்கிறான். குற்றத்தை விற்றவனிடமிருந்து எடுத்துத் தின்றவன் தலையில் வைக்கிறான்.

வாக்குரிமையற்ற ஆங்கிலப் பெண்கள் 1791இல் ஒரு கரண்டிச் சர்க்கரையை மறுத்துப் பேரரசின் மனச்சான்றை உலுக்கினர். நமக்கு வாக்கு இருக்கிறது, கல்வி இருக்கிறது, இயக்கம் இருக்கிறது. நம் பிள்ளைகளின் இடுப்பையும் இரத்தத்தையும் இலாபக் கணக்கில் எழுதுவோரிடம், இந்தக் கணக்கை மக்கள் மன்றத்தில் காட்டுங்கள் என்று கேட்போம்.